அணில் வந்துபோன ஒன்பது விநாடி

மக்கா,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தேன். நீ "சாப்டியளா, மாத்திர போட்டியளா" என்று கேட்கிறாய். நான் "எல்லாம் ஆச்சு" என்கிறேன். அதோடு நம் இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துபோகிறது. அடுத்த மாதம் நீ பெண்டாட்டி பிள்ளையோடு கனடாவுக்குப் போகிறாய். அதற்கு முன்னால் உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டிய காரியம் ஒன்று எனக்கு இருக்கிறது. இருபத்து மூன்று வருடமாகத் தொண்டையில் கிடக்கிறது. என் கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும், உனக்குத் தெரியாததா. பொறுமையாக வாசி. நடுவில் கோபம் வந்து கிழித்துப் போடத் தோன்றினால் கிழி. ஆனால் கடைசிப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கிழி.

உன் அம்மையின் அடக்கத்துக்கு வந்திருந்தாயே, அதில் மூன்றாம் நாள் சாயங்காலம் நீ முன்படியில் உட்கார்ந்து உன் மகளுக்குப் போனில் எதையோ காட்டிக்கொண்டிருந்தாய். நான் பின்னால் நாற்காலியில் இருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்திருப்பாய். பழைய குழந்தைகள் சேனல்களின் லோகோ படங்கள் அவை. ஒரு நிகழ்ச்சிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஐந்து பத்து விநாடி வந்து, சேனல் பெயரைக் காட்டிவிட்டுப் போகுமே, அதுதான். களிமண் உருண்டை நெளிந்து நெளிந்து எழுத்தாகிறது. துணிப் பொம்மை ஒன்று காகிதத்தைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. இப்போது அதற்கு ஐடென்ட் என்று பெயராம், உலகம் முழுக்க ஆட்கள் தேடித் தேடிச் சேர்த்து வைத்து, பார்த்து ஏங்குகிறார்களாம். நீ பிள்ளையிடம், "இதெல்லாம் கையால செஞ்சது மக்ளே, கம்ப்யூட்டர் இல்ல" என்றாய். அவள் திரும்பி உன் முகத்தைப் பார்த்து, "நீங்க கையால செஞ்சிருக்கீங்களாப்பா?" என்று கேட்டாள். நீ போனை அணைத்தாய். பிறகு "இல்ல" என்றாய். அந்த ஒரு சொல் என்னை அன்றைக்கு ராத்திரி சாப்பிட விடவில்லை. பொய் சொன்னாய் என்பதற்காக இல்லை. உன்னை அப்படிச் சொல்ல வைத்தவன் நான் என்பதற்காக.

உன் மகளும் என்றாவது இதை வாசிக்கக் கேட்பாள் என்று நினைத்து, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அருமனை முக்கில், ஹார்டுவேர் கடை மாடியில் ஒரே ஒரு அறை. மொட்டை மாடியில் டிஷ், உள்ளே இரண்டு வி.சி.ஆர்., சின்ன டிவி ஒன்று, எந்நேரமும் கடகடக்கும் மேசை விசிறி. அதுதான் நம் கண்ட்ரோல் ரூம். அங்கிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மரத்துக்கு மரம் கட்டி இழுத்த கேபிளில்தான் சுற்றுவட்டார வீடுகளுக்கெல்லாம் படம் போயிற்று. அந்தக் கேபிளுக்கு முதல் பகையாளி அணில். எங்கேயாவது கடித்து வைக்கும். உடனே போன் அடிக்கும். நான் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு உன் அம்மையிடம், "அணில் வந்துட்டு, நான் இப்ப வாறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். இதைக் கேட்டுக் கேட்டு உன் தங்கை ஷைனி, கரண்டு போனாலும் "அணில் வந்துட்டு" என்பாள், பள்ளிக்கூட வேன் பிந்தினாலும் "அணில் வந்துட்டு" என்பாள். அவளுக்கு ஆறு வயது. உனக்கு ஒன்பது.

சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறு வரை நம் உள்ளூர் சேனலில் பிள்ளைகளுக்கான நேரம் என்று ஒன்று வைத்திருந்தேன். கார்ட்டூன் டிஸ்க் போடுவேன், சில நாள் பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டுப் பாட விடுவேன். நீ மற்றப் பிள்ளைகள் மாதிரி இல்லை. வெளிநாட்டுச் சேனலில் கார்ட்டூன் ஓடும்போது புழக்கடையில் நிற்பாய். லோகோ வருகிற சத்தம் கேட்டதும் வாயில் சோற்றோடு ஓடி வருவாய். அந்தப் பத்து விநாடி முடிந்ததும் போய்விடுவாய். உன் அம்மை, "இவனுக்குப் படம் வேண்டாம், படத்துக்கு முன்னால வாற வாலு மட்டும் போதும்" என்று சிரிப்பாள். ஒருநாள் கண்ட்ரோல் ரூமில் என் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாய், "எப்பா, நம்ம சேனலுக்கு மட்டும் ஏன் லோகோ இல்ல?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் கல்யாண வீடியோ எடுக்கிறவன் என் சொந்தச் சேனலுக்குப் பத்து விநாடி எடுக்க முடியாதா என்று. அங்கேதான் ஆரம்பித்தது.

காலாண்டுப் பரீட்சை லீவு. தோட்டத்தில் ரப்பர்க் காய் வெயிலில் டப் டப் என்று வெடித்துக் கொட்டை சிதறிக் கிடந்த காலம். நீயும் ஷைனியும் சாக்குப் பையில் கொட்டை பொறுக்கிக் கொண்டுவந்தீர்கள். புள்ளிபோட்ட பழுப்புக் கொட்டை, அணில் முதுகு மாதிரியே இருக்கிறது என்று கண்டுபிடித்தது நீ. புகைபோட்ட ரப்பர் ஷீட் ஒன்றைத் தரையில் விரித்தோம், அதுதான் பின்னணி. கொட்டைகளை அடுக்கி அணில், தேங்காய்த் தும்பால் வால், ரப்பர்ப் பால் பிடிக்கிற தேங்காய்ச் சிரட்டை ஒன்று. இரண்டு மேசைக்குக் குறுக்கே ஏணியைக் கிடத்தி, அதில் கல்யாணக் கேமராவைக் கயிற்றால் தலைகீழாகக் கட்டினேன். டியூப் லைட் படத்தில் துடித்தது, அதனால் அணைத்துவிட்டு உன் அம்மையின் தையல் மிஷின் விளக்கைக் கொண்டுவந்து வைத்தோம். அணில் ஓடிவந்து சிரட்டையைக் கவிழ்க்க வேண்டும், சிரட்டைக்குள்ளிருந்து கொட்டைகள் உருண்டு 'அணில் நேரம்' என்று எழுத்தாக நிற்க வேண்டும். இவ்வளவுதான் கதை. நீ கொட்டையை ஒரு விரற்கடை நகர்த்துவாய், கையை எடுத்ததும் "ம்" என்பாய், நான் பொத்தானை அமுக்குவேன், ஷைனி "ஒண்ணு, ரெண்டு" எண்ணுவாள், நான் நிறுத்துவேன். மறுபடி நகர்த்து, மறுபடி அமுக்கு.

அந்தக் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் டேப் கொஞ்சம் பின்னால் போய், முந்தின துண்டின் கடைசிப் பகுதியைத் தின்றுவிட்டுத்தான் புதியதை எழுதும். ஷைனிக்கு அது பெரிய வேடிக்கை. "எப்பா, இது பசி புடிச்ச கேமரா" என்பாள். உன் கை தவறி உள்ளே வந்துவிட்டாலும் பயமில்லை, அடுத்த துண்டு அதைத் தின்றுவிடும். ஐந்து நிமிடம் சும்மா விட்டால் கேமரா தூங்கிப்போகும், எழுப்பினால் படம் கிழிந்து தெரியும். நீயோ ஒரு கொட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் புள்ளி எந்தப் பக்கம் என்று பார்த்து வைக்கிற ஆள். "எலே, சீக்கிரம் வைலே, தூங்கிரும்" என்று நான் கத்துவேன். இரண்டு தடவை முதலிலிருந்து எடுத்தோம். கொட்டையை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப்போய், கல்லால் உன் வலது கைப் பெருவிரலை அடித்துக்கொண்டாய். நகம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. அழாமல் வந்து உட்கார்ந்து வேலையைச் செய்தாய். மூன்றாம் நாள் சாயங்காலம் எழுத்து முழுசாக நின்றது. கடைசிக் கொட்டை ஒன்று லேசாகச் சரிந்திருக்க, நீ அதை நேராக்கக் கை நீட்டினாய். நான் அவசரக்குடுக்கை, அமுக்கிவிட்டேன். "கைய எடுலே" என்று கத்தினேன். அதோடு கேமராவில் பேட்டரி தீர்ந்தது. அதற்குப் பிறகு எடுக்க எதுவும் இல்லாததால், அந்தக் கையைத் தின்ன அடுத்த துண்டு வரவே இல்லை. கண்மூடித் திறக்கிற நேரம்தான், விரல்கள் மட்டும் உள்ளே வந்து நிற்கும். "போட்டும், யாரு பாக்கப்போறா" என்று விட்டுவிட்டேன்.

சத்தம் மறுநாள் சேர்த்தோம். உன் அம்மை மூன்று கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கூட்டிக் குறைத்து, கரண்டியால் தட்டி மூன்று சுரம் கண்டுபிடித்தாள். அதன்மேல் ஷைனி பேச வேண்டும். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அணில் வந்துட்டு, எல்லாரும் வாருங்க" என்றாள். அந்த 'வாருங்க'வை நம் ஊர் இழுப்பில் இழுத்து மேலே கொண்டுபோய் விட்டாள். நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். உன் அம்மை, "வேண்டாம், இதே போதும், இனிச் சொன்னா பாடம் சொன்னது மாதிரி இருக்கும்" என்றாள். எல்லாம் சேர்த்து ஒன்பது விநாடி. முதல் தடவை ஓடிய அன்று ஐந்தரை மணிக்கு நாம் நாலு பேரும் கண்ட்ரோல் ரூமில் நெருக்கியடித்து நின்றோம். எதிர்த்த வரிசையில் தையல்கடை வைத்திருந்த ஸ்டெல்லா அக்கா வாசலுக்கு வந்து, "எட்டி ஷைனி, உனக்க சத்தம்லா கேக்கு" என்று தெருவிலிருந்து கத்தினாள். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான சாயங்காலம் எனக்கு வாய்க்கவில்லை. உன் கல்யாணத்தையும் சேர்த்தேதான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அடுத்த மழைக்காலத்தில் ஷைனிக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள், நாகர்கோவிலுக்குக் கொண்டு போனோம், ஐந்தாம் நாள் வெள்ளைத் துணியில் சுற்றித் தந்தார்கள். அதற்குமேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது. எழுத வேண்டியது அதற்குப் பிறகு நான் செய்தது.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் கண்ட்ரோல் ரூமைத் திறந்தேன். ஐந்தரை ஆயிற்று. கை பழக்கத்தில் அந்தக் கேசட்டைப் போட்டது. "அணில் வந்துட்டு, எல்லாரும் வாருங்க." நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் பழக்கத்தில் போடவில்லை, தெரிந்தேதான் போட்டேன். அதற்கு மறுநாளும். பிறகு நிகழ்ச்சி தொடங்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு முன்னால் ஒரு தடவை. பதினொரு மாதம், மக்கா. செத்துப்போன பிள்ளையின் சத்தத்தை நான் தினமும் ஊருக்கெல்லாம் கேபிளில் அனுப்பிக்கொண்டிருந்தேன். என் பிள்ளை, என் சேனல், யார் என்னைக் கேட்பது என்ற திமிர். ஊரும் கேட்கவில்லை. பாவம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பாவம் பார்த்தது எனக்கு மட்டும்தான், உன் அம்மைக்கு யாரும் பார்க்கவில்லை.

நம் வீட்டில் டிவியை அணைத்துப் போட்டுவிடுவாள். அதனால் என்ன, அக்கம்பக்கத்து வீட்டிலெல்லாம் அது பேசும். ஐந்தேகாலுக்கே கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுக்களையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். ஒருநாள் மீன் வாங்கி வரும்போது நேரம் தப்பிவிட்டது. ஸ்டெல்லா அக்கா கடைக்கு முன்னால் பிள்ளைகள் கூடி நிற்க, உள்ளேயிருந்து ஷைனி கூப்பிட்டிருக்கிறாள். மீனைத் தெருவில் போட்டுவிட்டு வந்துவிட்டாள். அன்றைக்கு என்னிடம் கேட்டாள். "அந்த ஒண்ண நிறுத்துங்க. எனக்கு வெப்ராளமா வருது. சத்தம் வரும்போது எழும்பிப் போகணும்போல இருக்கு, போனா ஆளு இல்ல." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவளுக்க சத்தம் உனக்கு வேண்டாமாட்டி?" என்று கேட்டேன். பிள்ளையைப் பெற்றவளிடம். அவள் அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீயும் ஐந்தரை மணிக்கு வீட்டில் இருக்கமாட்டாய். தோட்டத்துக்குள் போய்விடுவாய், இருட்டும்போது வருவாய். விளையாடப் போகிறாய் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஒருநாள் ஐந்தரைக்குக் கேசட்டைப் போட்டேன். கறுப்பு. முன்னே ஓட்டினேன், பின்னே ஓட்டினேன், கறுப்புதான். போன் அடித்தது, ஒரு பிள்ளை, "அணில் வரல்லியே" என்றது. கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். யாரும் தெரியாமல் அதன்மேல் பதிவு செய்துவிடக் கூடாது என்று அதன் முதுகிலிருந்த சின்னப் பிளாஸ்டிக் துண்டை நான் உடைத்து வைத்திருந்தேன். அந்த ஓட்டையை மூடினால்தான் அழிக்க முடியும். மூடியிருந்தது. அந்த வித்தை என்னைத் தவிர இரண்டு பேருக்குத் தெரியும். மத்தியானம் நான் லைன் பார்க்கப் போகும்போது கண்ட்ரோல் ரூமில் உட்காருகிற உன் அம்மைக்கு, பிறகு உனக்கு. பிரதி ஏன் எடுத்து வைக்கவில்லை என்று நீ கேட்கலாம். பிரதி எடுத்தால் படம் மங்கிவிடும் என்ற பெருமை. முதலில் எடுத்த கேமரா டேப்பின் மேலேயே எவனோ ஒருவனின் கல்யாணத்தை எடுத்துவிட்டேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூட வேன் பிந்தி, நீ அப்போதுதான் வந்து இறங்கினாய். மேலே கூப்பிட்டேன். கேசட்டை உன் முகத்துக்கு நேரே நீட்டி, "யாருலே அழிச்சது?" என்றேன். நீ அதைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நான்தான்" என்றாய். கையில் கிடைத்தது கேபிள் துண்டு. எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது. கீழே கடையிலிருந்து ஆள் ஏறி வந்து பிடுங்கிய பிறகுதான் நிறுத்தினேன். நீ அழவில்லை, அதுவும் எனக்குக் கோபத்தைக் கூட்டியது. வீட்டுக்குப் போய் அம்மையிடம், பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாததற்கு சார் அடித்தார் என்று சொல்லியிருக்கிறாய். அவளும் நம்பிவிட்டாள், கடை ஆளும் அவள் காதில் போடவில்லை.

அடித்ததற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தலில் வைத்துக் கேட்டேன், "விடுங்கப்பா, சின்ன வயசுல நடந்தது" என்று நீ என் தோளைத் தட்டினாய். அதுவல்ல நான் சொல்ல வந்தது. அன்றைக்குப் பாதிதான் சொன்னேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

அந்த ஓட்டையை மூடியிருந்தது செல்லோடேப் இல்லை, மக்கா. வெள்ளைப் பிளாஸ்டர். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஊசியைக் கையோடு சேர்த்து ஒட்டுவார்களே, அது. ஷைனிக்கு ஒட்டியதில் மிஞ்சிய உருளை, அவள் கொலுசோடும் கடைசியாகப் போட்டிருந்த கவுனோடும் உன் அம்மையின் பீரோவில் ஒரு மஞ்சள் பையில் இருந்தது. அந்தப் பையை அவள் யாரையும் தொடவிடமாட்டாள். கண்ட்ரோல் ரூம் மேசையில் செல்லோடேப் கண்முன்னால் கிடந்தது. நீ அழித்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பாய். நீயும் அந்தப் பிளாஸ்டரைத்தான் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். பார்த்து, யார் என்று தெரிந்து, "நான்தான்" என்றாய். பத்து வயதில். உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்கும் தெரிந்தது. கேபிளை ஓங்குவதற்கு முன்னாலேயே தெரிந்தது. தெரிந்துதான் அடித்தேன். அவளை அடிக்க முடியாது, அவளைக் கேட்கவும் முடியாது, கேட்டால் அவள் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நீ குறுக்கே வந்து நின்றாய், உன்மேல் இறக்கிவிட்டேன். இதுதான் அந்த மீதி. உன் அப்பன் ஆத்திரத்தில் புத்தி கெட்டு அடித்தான் என்று நீ நினைத்திருந்தால், அது என்னைக் கொஞ்சம் நல்லவனாக நினைத்தது.

அதற்குப் பிறகு நீ கண்ட்ரோல் ரூம் படி ஏறவில்லை. எட்டாம் வகுப்பில் நீயாகவே ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்றாய். நல்ல படிப்புக்காகப் போகிறான் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். ரப்பர்க் கொட்டை, களிமண் எதையும் நீ கையில் எடுத்து நான் பார்க்கவில்லை. வேலைக்குப் போனதும் கம்ப்யூட்டரில்தான் பொம்மைப் படம் செய்தாய்.

உன் அம்மை கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் ஒரு மத்தியானம், நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியை விலக்கிவிட்டு என் கையைப் பிடித்தாள். "அந்தக் கேசட்ட நான்தான் அழிச்சேன், கேட்டியளா" என்றாள். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். ஒரு வார்த்த நீங்க கேக்கல்ல. வீட்டுல ஒரு சத்தம் போடல்ல. அந்த ஒரு நன்மைக்காவத்தான் நான் இந்த வீட்டுல கெடந்தேன்." இப்படிச் சொன்னாள், மக்கா. என் பொறுமைக்கு நன்றி சொன்னாள். அந்தப் பொறுமையை நீ முதுகில் வாங்கியிருந்தாய் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மூடிக்கொண்டேன். "கஞ்சியக் குடி, ஆறுது" என்றேன். ஆறு நாளில் போய்விட்டாள். உனக்குச் சேர வேண்டிய நன்றியை நான் வாங்கி வைத்துக்கொண்டு, அவளை மண்ணில் வைத்தேன். அவளுக்குத் தெரியாமலே போனது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எனக்கு எழுது.

இனி கடைசி விஷயம். அம்மையின் முப்பதாம் நாள் பூசைக்கு, நீ வர முடியாத அன்று, ஸ்டெல்லா அக்கா வடசேரியிலிருந்து வந்திருந்தாள். இப்போது மகளோடு அங்கேதான் இருக்கிறாள். ஜவுளிக்கடைப் பை ஒன்றை என் கையில் தந்தாள். உள்ளே ஒரு பழைய கேசட். அந்தக் காலத்தில் அவள் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் பூசையை நம் சேனலில் போட்டேன், அதை அவள் டிவியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்தாள். "அதுக்க தொடக்கத்துல உங்க அணிலும் கெடக்கு. ஷைனிக்க அம்ம இருந்த வரைக்கும் தரப்பிடாதுன்னு வச்சிருந்தேன்" என்றாள். பார், ஒரு தையல்கடைக்காரிக்கு இருந்த விவரம் எனக்கு இல்லை.

நாகர்கோவிலில் பழைய டேப்பையெல்லாம் பென் டிரைவில் ஏற்றித் தருகிற கடைக்குக் கொண்டு போனேன். பூஞ்சை பிடித்திருந்தது. பையன் துடைத்துத் துடைத்து ஓட்டினான். படம் மேலும் கீழும் உருண்டு, பிறகு நின்றது. அணில் ஓடிவந்தது. சிரட்டை கவிழ்ந்தது. டம்ளர் மூன்று தரம் ஒலித்தது. ஷைனி கூப்பிட்டாள். கடைப் பையன் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவன் பட்டென்று ஓரிடத்தில் நிறுத்தினான். "அண்ணாச்சி, கடைசில ஒரு கை உள்ள வருது பாத்தியளா. இப்ப ஏ.ஐ. இருக்கு, அழகா எடுத்திரலாம். எடுத்திரட்டா?"

பார்த்தேன். மூன்று விரல், சரிந்த கொட்டையைத் தொடப்போகிற மாதிரி. பெருவிரல் நகம் கறுப்பு. பதினொரு மாதம் தினம் இரண்டு தடவை நான் இதைப் பார்த்தவன். அந்தக் கை வரும்போதெல்லாம், சே, இந்தப் பிசிறு மட்டும் இல்லாமல் இருந்தால் என்று நினைத்தவன். அவள் சத்தத்துக்காகவே பார்த்தேன், சத்தம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று போய்விட்டது, ஒன்று இருக்கிறது, இருக்கிறது அதே ஒன்பது விநாடியில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒருநாள்கூட நான் அதைப் பார்க்கவில்லை. "எடுத்திரட்டா அண்ணாச்சி?" என்று பையன் மறுபடி கேட்டான். "தொடாத. அது எனக்க மொவனுக்க கை" என்றேன். அவன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அந்தப் பென் டிரைவ் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது, ஆனால் அனுப்பவில்லை. கேட்காமல் ஒரு குரலை ஒரு வீட்டுக்குள் அனுப்புவது என்ன என்று எனக்கு இப்போதாவது தெரிகிறது. உனக்கு வேண்டும் என்றால் சொல், அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் அதையும் சொல், ஏன் என்று கேட்கமாட்டேன். ஒன்றும் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டாலும் சரிதான், எனக்கு அது போதாது என்று சொல்ல எந்த உரிமையும் இல்லை. புத்தி சொல்கிற யோக்கியதையும் எனக்கில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன் மகள் என்றாவது ஒருநாள் உன்னிடம் வந்து "நான்தான் செஞ்சேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றால், முதலில் அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பார். அதன்பிறகு பேசு.

அப்புறம், கையால் செய்திருக்கிறீர்களா என்று அந்தப் பிள்ளை மறுபடி கேட்டால், "செஞ்சிருக்கேன் மக்ளே" என்று சொல். சாட்சிக்கு உன் கை இருக்கிறது, நான் எடுக்கவிடவில்லை.

அப்பா